கல் குவித்த வளையும் சொரசொரத்த முதுகும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் மானாவாரி நிலத்தின் ஓரத்தில், செம்மண் கரைச் சரிவில், இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஒரு வளை இருந்தது. அதன் வாயருகே மிளகு, கடலை அளவிலான சிறு கற்கள் குவிந்திருந்தன. கரையை வெட்டியபோது உள்ளிருந்த எலி அடிபட்டு இறந்துவிட்டது. வீட்டுச் சுண்டெலியைவிடப் பெரியது. வால் உடலைவிடக் குட்டை. வயிறு நல்ல வெள்ளை. முதுகைத் தடவினால் உமியைத் தொட்டதுபோல் சொரசொரப்பு. ஊரில் பெரியவர்களுக்கும் பெயர் தெரியவில்லை. முள்ளெலியின் குட்டியாக இருக்குமா? (தருமபுரி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: முள்ளெலியின் குட்டி அல்ல. நம் வறண்ட மாவட்டங்களில் முள்ளெலி என்று சொல்லப்படுவது, ஆபத்து நேர்ந்தால் பந்தாகச் சுருண்டுகொள்கிற, பூச்சிகளைத் தின்று வாழ்கிற வேறொரு விலங்கு. பெயரில் எலி ஒட்டிக்கொண்டிருக்கிறதே தவிர, அது கொறித்துண்ணி வகையைச் சேர்ந்ததே அல்ல. அதன் வால் மயிருக்குள் மறைந்துபோகும் அளவுக்குச் சிறியது. நீங்கள் கண்ட பிராணிக்கோ, குட்டை என்றாலும், உடலோடு ஒப்பிட்டுச் சொல்லும்படியான வால் இருந்திருக்கிறது. அந்த ஒன்றே ஐயத்தைத் தீர்த்துவிடுகிறது.

நீங்கள் எழுதியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் அவை மஸ் பிளாட்டித்ரிக்ஸ் என்ற காட்டுச் சுண்டெலியையே சுட்டுகின்றன. 1832-இல் பென்னட் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் இதற்கு இப்பெயரை வைத்தார். பிளாட்டித்ரிக்ஸ் என்றால் கிரேக்கத்தில் தட்டைமயிர் என்று பொருள். வைத்தவர் எலியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வைத்திருக்கிறார் என்று நினைக்கத் தோன்றும். தமிழில் நிலைத்த பெயர் இல்லாததால் இங்கே முள்மயிர்ச் சுண்டெலி என்று எழுதுகிறேன்.

அந்தச் சொரசொரப்பு எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்ணால் பார்ப்பது எளிது. முதுகின் நடுவிலிருந்து ஒரு தடித்த மயிரை இடுக்கியால் பிடுங்கி, வெள்ளைத் தாளின்மேல் வைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் வழியே பாருங்கள். சாதாரண எலியின் மயிர் உருண்ட நூல்போல் இருக்கும். இதன் மயிரோ கோரைத்தாள்போலத் தட்டையாக, நடுவே நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓட, நுனி கூர்ந்து, விறைப்பாக நிற்கும். இந்த முள்மயிர்களுக்கு இடையிலேயே மெல்லிய மென்மயிரும் வளர்ந்திருப்பதால் தலையிலிருந்து வால்நோக்கித் தடவும்போது விரலுக்கு அவ்வளவாகத் தெரியாது. வாலிலிருந்து தலைநோக்கித் தடவினால்தான் உறுத்தும். இறந்த எலியை வெறுங்கையால் தொட வேண்டாம் என்பதையும் இவ்விடத்திலேயே சொல்லிவிடுகிறேன். எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் எலியின் சிறுநீர் வழியாகப் பரவக்கூடியது. மெல்லிய ரப்பர் கையுறை போட்டுக்கொண்டாலும் சொரசொரப்பு நன்றாகவே தெரியும்.

இனி அந்தக் கற்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். 1839-இல், சென்னை மாகாண அரசுப் பணியிலிருந்த வால்டர் எலியட், தார்வார் பக்கத்துப் பாலூட்டிகளைப் பற்றி ஒரு நீண்ட பட்டியல் எழுதினார். (பெயர்ப் பொருத்தம் தற்செயலானது, ஆனாலும் கொலுண்டா எல்லியாட்டி என்ற புதரெலி அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது.) முள்மயிர்ச் சுண்டெலியைப் பற்றி அவர் தந்திருக்கும் விவரம் உங்கள் கடிதத்தை முன்னரே படித்ததுபோல் இருக்கிறது. அது சரளை கலந்த செம்மண்ணில், பெரும்பாலும் ஒரு கரையின் பக்கவாட்டில், மிக ஆழமில்லாத வளை தோண்டுகிறது. உள்ளே இருக்கும்போது வாயிலைச் சிறு கற்களால் அடைத்துக்கொள்கிறது. அதற்கென்று சேர்த்த கற்கள் வெளியே குவிந்து கிடப்பதால் அதன் இருப்பிடத்தை எப்போதும் கண்டுபிடித்துவிடலாம். வளையின் முடிவிலுள்ள அறையிலும் கற்களைப் பரப்பி, அவற்றின் மேலேயே அமர்ந்திருக்கிறது என்கிறார். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்ற பழமொழியை இந்த எலி கல்தளம் போட்டுக் கடைப்பிடிக்கிறது.

ஒரு தயக்கத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முள்மயிர் இருப்பதாலேயே அது பிளாட்டித்ரிக்ஸ் என்று முடிவு கட்ட முடியாது. தென்னிந்தியாவிலேயே மஸ் சாக்சிகோலா, மஸ் பிலிப்சி என்ற வேறு இரண்டு சுண்டெலிகளுக்கும் முள்மயிர் உண்டு. முன்னதை எலியட்டே 1839-இல் விவரித்தார், பின்னதை ராட்டன் 1912-இல் விவரித்தார். ஆகவே மயிர் உங்களை ஒரு சிறு குழுவின் வாசல்வரை கொண்டுவந்து விடுகிறது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு உடல் ஒன்பது முதல் பதினொரு செ.மீ.வரை இருந்ததா, வால் அதைவிடத் தெளிவாகக் குட்டையா, மண் சரளையா, வளைவாயில் கல் இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். நீங்கள் எழுதியவற்றை வைத்து நான் பிளாட்டித்ரிக்ஸ் என்றே சொல்வேன். உறுதி வேண்டுமென்றால் மண்டையோட்டைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: எலியை அளப்பது எப்படி? நான் ஒரே எலியை இரண்டு முறை அளந்தபோது உடல் நீளத்தில் ஒரு செ.மீ. வேறுபாடு வந்தது.

பதில்: வந்தே தீரும். எலியின் உடல் ரப்பர்போல் நீளும், விறைத்தபின் சுருங்கும், வயிறு நிறைந்திருந்தால் வேறு கணக்குக் காட்டும். அதனால்தான் எலிகளை ஆராய்கிறவர்கள் உடல் நீளத்தை மட்டும் நம்புவதில்லை. உடல், வால், பின்பாதம், காது என்ற நான்கு அளவுகளை இதே வரிசையில், மில்லிமீட்டரில், கடைசியில் எடையோடு குறித்துக்கொள்வது நெடுநாள் வழக்கம். அருங்காட்சியகங்களிலுள்ள பழைய எலித்தோல்களின் காலில் கட்டிய சீட்டிலும் இந்த எண்களைத்தான் காண்பீர்கள்.

எலியை மல்லாக்கக் கிடத்தி, இழுக்காமல் நேராக்கி, மூக்கு நுனியிலிருந்து மலத்துளைவரை உடல் நீளம் எடுக்க வேண்டும். மலத்துளையிலிருந்து வாலின் சதை முடியும் இடம்வரை வால். நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் மயிரைச் சேர்க்கக் கூடாது. குதிகாலிலிருந்து மிக நீண்ட விரலின் நுனிவரை பின்பாதம். நகத்தைச் சேர்த்தீர்களா, விட்டீர்களா என்பதைக் கட்டாயம் எழுதி வையுங்கள், ஏனெனில் சுண்டெலியின் பாதத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது சிறிய வேறுபாடு அல்ல. காதின் அடியிலுள்ள பிளவிலிருந்து மேல் விளிம்புவரை காது.

இந்த நான்கில் நான் முதலில் பார்ப்பது பின்பாதத்தைத்தான். அது எலும்பும் தசைநாணும் மட்டுமே என்பதால் நீட்டினாலும் நீளாது. தவிர, எலி வளர்ந்து முடிப்பதற்கு வெகு முன்பே பாதம் ஏறக்குறைய முழு அளவை எட்டிவிடுகிறது. வாலை நம்புவதற்கு முன் அதன் நுனியைப் பாருங்கள். சண்டையில் கடிபட்டு நுனி போன வால்கள் காட்டில் நிறைய உண்டு. அப்படிப்பட்ட வாலை அளந்து, வால் உடலைவிடக் குட்டை என்று எழுதி, அதை வைத்து இனத்தையே மாற்றிச் சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: நெல்வயல் வரப்பில் அகப்படும் மிகச் சிறிய எலி, வீட்டுச் சுண்டெலியா, வயலில் வாழும் தனி இனமா, அல்லது பெரிய எலியின் குஞ்சா என்று எப்படிப் பிரித்தறிவது?

பதில்: கடைசியாகக் கேட்டதை முதலில் ஒதுக்கிவிடலாம். எலிக்குஞ்சின் உடல் சுண்டெலி அளவில் இருந்தாலும் அதன் பாதமும் தலையும் வரப்போகும் பெரிய உடலுக்கு ஏற்றபடி முன்கூட்டியே வளர்ந்து நிற்கும். அண்ணனின் செருப்பைப் போட்டுக்கொண்ட சிறுவனைப்போல் இருக்கும். பின்பாதம் இருபது மில்லிமீட்டரைத் தெளிவாகத் தாண்டினால் அது சுண்டெலியாக இருப்பது அரிது. பல ஆண்டுகளுக்கு முன் நானே ஒரு வீட்டெலிக் குஞ்சை அரிய காட்டுச் சுண்டெலி என்று நினைத்து, சாராயத்தில் போட்டு, சீட்டெழுதி, ஒரு வாரம் பெருமையோடு வைத்திருந்தேன். பாதத்தை அளந்த அன்று சீட்டைக் கிழித்தேன்.

மற்ற இரண்டில், வயலில் வாழும் தனி இனத்துக்கு மஸ் பூடுகா என்று பெயர். வயல் சுண்டெலி என்று தமிழில் எழுதுகிறார்கள். இந்தியாவின் மிகச் சிறிய சுண்டெலிகளில் ஒன்று. வளர்ந்த எலியே பத்துக் கிராமுக்கு முன்பின்தான் இருக்கும். உடல் ஆறு செ.மீ. அளவு, பின்பாதம் பதினைந்து மில்லிமீட்டர் அளவு. வால் உடல் அளவுக்கே இருக்கும், அல்லது சற்றுக் குறையும். நம் பக்கத்து வீட்டுச் சுண்டெலிக்கோ வால் பொதுவாக உடலைவிட நீளம்.

அதைவிடத் தெளிவான வேறுபாடு வயிற்றில் இருக்கிறது. வயல் சுண்டெலியின் வயிறு வெள்ளை. முதுகின் பழுப்பும் வயிற்றின் வெள்ளையும் விலாவில் ஒரு கோட்டில் சந்திக்கும். வீட்டுச் சுண்டெலியில் முதுகின் நிறம் கீழே இறங்க இறங்க மங்கிக் கலங்கிப்போகுமே தவிர, கோடு விழாது. வயல் சுண்டெலியின் வாலும் மேலே கருமையாகவும் கீழே வெளிறியும் இரு நிறம் காட்டும். இடத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள்: வீட்டுச் சுண்டெலி களத்துமேட்டுக்கும் வைக்கோற்போருக்கும் தாராளமாக வரும்.

கேள்வி: வயல் சுண்டெலி என்று நீங்கள் சொல்வதைப் புகைப்படத்தை மட்டும் வைத்து உறுதிசெய்ய முடியுமா? தெளிவான படங்கள் என்னிடம் உள்ளன.

பதில்: வீட்டுச் சுண்டெலி அல்ல என்பதை நல்ல படம் பெரும்பாலும் காட்டிவிடும். அதற்கு மேல் முடியாது. காரணம், மஸ் பூடுகாவுக்கு மஸ் டெரிகலர் என்ற ஓர் இரட்டை இருக்கிறது. டெரிகலர் என்றால் மண்ணிறத்தது. இரண்டும் சிறியவை, இரண்டுக்கும் வெள்ளை வயிறு, இரண்டும் வயலை நாடுபவை. கையில் வைத்திருப்பவரே தடுமாறுவார். இவை வெவ்வேறு இனங்கள் என்பதை ஐயமறக் காட்டியது அவற்றின் குரோமோசோம்கள்தாம். இரண்டுக்கும், வீட்டுச் சுண்டெலிக்கும்கூட, குரோமோசோம் எண்ணிக்கை நாற்பதுதான். எண்ணினால் ஒன்றும் விளங்காது. ஆனால் டெரிகலரின் எக்ஸ் குரோமோசோம் பெரியது, அதன் இடுக்கு, அதாவது இடைபோல் குறுகிய இடம், ஒரு முனையில் இல்லாமல் உள்ளே தள்ளி இருக்கிறது. பூடுகாவின் எக்ஸில் இடுக்கு முனையிலேயே இருக்கிறது. இப்போது டி.என்.ஏ. வரிசையைக் கொண்டும் பிரிக்கிறார்கள். கேமராவால் இதைப் படம்பிடிக்க வழியில்லை. உங்கள் படத்தின் கீழே வயல் சுண்டெலிக் குழு என்று எழுதி நிறுத்திக்கொள்வதே நேர்மை.

இனி எடுக்கும் படங்களில் முதுகோடு நிறுத்தாமல், விலாவின் நிறக்கோடு, வாலின் அடிப்புறம், பின்பாதத்தின் அருகே ஓர் அளவுகோல் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு வரும் எலிப்படங்களில் பெரும்பாலானவை மீசையையும் கண்ணையும் அழகாகக் காட்டுபவை. அவற்றில் இனம் சொல்லப் பயன்படும் உறுப்பு ஒன்றுகூடத் தெரிவதில்லை.

கேள்வி: குன்னூருக்கு மேலே சோலைக்காட்டு விளிம்பில், உதிர்ந்த இலைகளுக்கு இடையே, மிகக் கரும்பழுப்பு நிறச் சுண்டெலி ஒன்றைக் கண்டேன். வயிறும் வெள்ளையாக இல்லை. இது புதிய இனமா?

பதில்: புதிய இனம் என்ற சொல்லை அவ்வளவு சீக்கிரம் எடுக்க வேண்டாம்; ஆனால் உங்கள் கடிதத்தை நான் சாதாரணமாகவும் வைத்துவிடவில்லை. 1898-இல் பான்ஹோட் என்பவர் குன்னூரில் கிடைத்த எலியைக் கொண்டு மஸ் ஃபமுலஸ் என்ற இனத்தை விவரித்தார். ஃபமுலஸ் என்றால் இலத்தீனில் பணியாள். ஏன் அந்தப் பெயரோ, எலியிடம் பணிவு எதையும் நான் கண்டதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த பகுதிகளில் மட்டுமே வாழும் இது, உலகில் வேறெங்கும் இல்லை. அழியும் ஆபத்திலுள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. முதுகு கரும்பழுப்பு, மயிர் மென்மையானது, முள் கிடையாது, வயிறு வயல் சுண்டெலியைப்போல் வெளுத்திருக்காது.

சிக்கல் என்னவென்றால், கடைசியாகச் சொன்ன அடையாளம் வீட்டுச் சுண்டெலிக்கும் பொருந்தும். மலையில் குடியிருப்புகளை ஒட்டிய காட்டுவிளிம்பில் அதுவும் திரியும். நீங்கள் கண்ட இடத்துக்கும் அருகிலுள்ள கட்டடத்துக்கும் எவ்வளவு தொலைவு என்று எழுதவில்லை. அதைத் தெரிவியுங்கள். பிடிக்க முயலாதீர்கள், அரிய இனமாக இருக்கக்கூடியதை வனத்துறையின் அனுமதி இல்லாமல் பொறி வைத்துப் பிடிப்பது தவறு. அந்த இடத்தையும் உயரத்தையும் தேதியையும் குறித்து, இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் சென்னை மையத்துக்கு எழுதலாம்.

கேள்வி: புதர்ச்செடியின் கிளையில் ஏறி, வாலைக் கிளையில் சுற்றிக்கொண்டு இறங்கிய சுண்டெலி எது?

பதில்: வான்டலூரியா ஒலரேசியா, அதாவது நீள்வால் ஏறுசுண்டெலி. வால் உடலைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நீளம். கையில் கிடைத்தால் பின்பாதத்தைப் பாருங்கள்: முதல் விரலிலும் ஐந்தாம் விரலிலும் கூர்நகம் இருக்க வேண்டிய இடத்தில் நம் விரல்நகம்போல் தட்டையான நகம் இருக்கும். சிறு கிளையைக் கவ்விப் பிடிப்பதற்கான ஏற்பாடு அது. நீலகிரியில் இதற்கு ஓர் உறவினம் உண்டு. ஜெர்டான் 1867-இல் வான்டலூரியா நீலகிரிகா என்று பெயரிட்டார்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பரணில் கூகை கக்கிய உருண்டைகளில் சிறு மண்டையோடுகள் நிறையக் கிடைக்கின்றன. அவற்றைக் கொண்டு எலியினம் சொல்ல முடியுமா?

பதில்: முடியும், உயிருள்ள எலியைவிட இதில் சிரமம் குறைவு. உருண்டையை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, மயிரை விலக்கி, மண்டையோட்டைப் பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் மெல்லத் துடைத்து உலர்த்துங்கள். முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் இடையே பல்லே இல்லாத நீண்ட வெளி இருந்தால் அது கொறித்துண்ணி. அப்படி இடைவெளியே இல்லாமல் கூரிய பற்கள் வரிசையாக நிறைந்திருந்தால் அது மூஞ்சூறு. அதைத் தனியே எடுத்து வையுங்கள்.

கொறித்துண்ணி என்று உறுதியானபின் மேல்தாடையைத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் மூன்று கடைவாய்ப்பற்கள் இருக்கும். முதல் பல் மட்டும் மற்ற இரண்டையும் சேர்த்தால் வரும் நீளத்தைவிட நீண்டு, மூன்றாவது பல் கடுகுபோல் சிறுத்திருந்தால் அது மஸ் பேரினம், அதாவது உண்மையான சுண்டெலி. வீட்டெலியின் பேரினத்தில் முதல் பல் அவ்வளவு நீளாது. மேல் வெட்டுப்பல்லின் முன்முகத்தில் நீளவாக்கில் ஒரு வரிப்பள்ளம் இருந்தால் மேலே சொன்ன புதரெலியாக இருக்கலாம்.

சுண்டெலி என்று தெரிந்த மண்டையோட்டை இனிப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். மேல் வெட்டுப்பல்லின் உட்புறத்தில், நுனிக்குச் சற்று மேலே, உளியால் ஒரு படி செதுக்கியதுபோல் வெட்டு விழுந்திருந்தால் அது பெரும்பாலும் வீட்டுச் சுண்டெலி. கீழ்வெட்டுப்பல் உரசி உரசி உண்டாகும் தேய்வு அது. படியே இல்லாத பல்லோடு சிறிய மண்டையோடு கிடைத்தால் உங்கள் கூகை வீட்டை விட்டு வயலுக்குப் போய் இரைதேடியிருக்கிறது என்று கொள்ளலாம்.

ஒவ்வொரு மண்டையோட்டையும் தனித் தீப்பெட்டியில் வைத்து, உருண்டை எடுத்த தேதியையும் இடத்தையும் பென்சிலால் எழுதி உள்ளே போடுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும்.